சிங்கப்பூரில் 9,000 வெள்ளி சம்பளம்: சென்னையோடு ஒப்பிட்டால் கையில் என்ன நிற்கும்?

கேட்டவர் சோழிங்கநல்லூரில் மென்பொருள் சோதனைப் பிரிவில் வேலை பார்க்கும் 31 வயதுப் பெண். கணவருக்கு 35 வயது, அவருக்குச் சிங்கப்பூரில் மாதம் 9,000 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலரைத்தான் அங்கே வெள்ளி என்பார்கள்) வேலை வந்திருக்கிறது. ஐந்து வயதில் ஒரு மகள். இப்போது இருவர் சம்பளமும் சேர்ந்து கைக்கு 2.2 லட்சம் வருகிறது (கணவருடையது 1.45 லட்சம், இவருடையது 75,000). வேளச்சேரியில் 24,000 ரூபாய் வாடகை, மதுரையில் இருக்கும் பெற்றோருக்கு 15,000 ரூபாய். எல்லாம் போக மாதம் ஒரு லட்சம் மிஞ்சுகிறதாம். இணையத்தில் இருக்கும் விலை ஒப்பீட்டுக் கணக்கிகளில் போட்டுப் பார்த்தால் ஒன்று மூன்று மடங்கு என்கிறது, இன்னொன்று நான்கரை மடங்கு என்கிறது. "போனால் மிஞ்சுமா, மிஞ்சாதா?" இதுதான் கேள்வி.

நேராகச் சொல்கிறேன். நீங்கள் வேலையை விட்டுவிட்டுக் குடும்பமாகப் போனால் இப்போது சென்னையில் மிஞ்சுவதுதான் அங்கேயும் மிஞ்சும். சற்றுக் குறைந்தாலும் குறையும். உங்களுக்கும் அங்கே வேலை கிடைத்தால் கதையே வேறு. அரிசி விலையும் பஸ் கட்டணமும் இந்தக் கணக்கைப் பெரிதாக அசைக்காது. அசைப்பவை மூன்று: உங்கள் சம்பளம், வீட்டு வாடகை, பிள்ளையின் பள்ளி.

முதலில் உங்கள் சம்பளம், ஏனென்றால் எந்தக் கணக்கியிலும் இதற்குக் கட்டம் கிடையாது. எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்ற வேலை அனுமதியில் இருப்பவர் மனைவியையும் பிள்ளையையும் டிபெண்டன்ட் பாஸ் என்ற குடும்ப அனுமதியில் அழைத்து வர மாதம் குறைந்தது 6,000 வெள்ளி நிலையான சம்பளம் வேண்டும். உங்கள் கணவருக்கு அது இருக்கிறது. ஆனால் அந்த பாஸை வைத்துக்கொண்டு நீங்கள் வேலை பார்க்க முடியாது. முன்பு நிறுவனம் ஒரு ஒப்புதல் கடிதம் வாங்கினால் போதும், உடனே சேர்ந்துவிடலாம். 2021 மே முதல் தேதியிலிருந்து அந்த வழி அடைபட்டுவிட்டது. இப்போது உங்களுக்கென்று தனியாக ஒரு வேலை அனுமதி வேண்டும். எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்றால் 2025 நிலவரப்படி குறைந்தபட்சச் சம்பளம் 5,600 வெள்ளி. அது 23 வயதுக்காரருக்கான எண். வயது ஏற ஏற அதுவும் ஏறி 45 வயதில் 10,700 வரை போகிறது. 31 வயதுக்கு ஏழாயிரத்துக்கு மேல் கேட்பார்கள். அதற்கு மேல் காம்பஸ் என்று ஒரு புள்ளி முறை, 2023 செப்டம்பரிலிருந்து. நடுத்தரத் திறன் வேலைகளுக்கான எஸ் பாஸுக்குச் சம்பள வரம்பு குறைவு, ஆனால் அதில் நிறுவனத்துக்கு ஆள் எண்ணிக்கைக் கட்டுப்பாடும் அரசுக்கு மாதாமாதம் கட்டும் தீர்வையும் உண்டு. அதனால் தயங்குவார்கள்.

ஆகவே கணவர் போன கையோடு உங்களுக்கும் வேலை கிடைத்துவிடும் என்று வைத்துக் கணக்குப் போடாதீர்கள். மாதம் 75,000 ரூபாய் என்பது ஒரு வெள்ளி 67 ரூபாய் என்ற கணக்கில் 1,120 வெள்ளி. சிங்கப்பூர் போவதற்கு நீங்கள் கொடுக்கும் முதல் செலவு இதுதான். கூடவே பி.எஃப். சிங்கப்பூரின் மத்திய சேம நிதி குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும். உங்கள் கணவருக்குப் பிடித்தமும் இருக்காது, முதலாளி பங்கும் வராது. சென்னையில் உங்கள் நிறுவனங்கள் அடிப்படைச் சம்பளம் முழுவதற்கும் 12 சதவீதம் கட்டுகின்றனவா, இல்லை 15,000 ரூபாய் உச்சவரம்பை வைத்து 1,800 ரூபாயோடு நிறுத்திக்கொள்கின்றனவா என்று சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். முதல் வகை என்றால் இருவருக்குமாகச் சேர்ந்து மாதம் 25,000 ரூபாய்க்குக் குறையாமல் கண்ணுக்குத் தெரியாத சேமிப்பு ஓடிக்கொண்டிருக்கிறது. "ஒரு லட்சம் மிஞ்சுகிறது" என்று நீங்கள் சொல்வதில் அது சேரவில்லை. கிராஜுவிட்டியும் அப்படியே.

இனி வாடகை. இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும், பணம் போகும் பெரிய வாசல் இதுதான்.

சிங்கப்பூரில் பெரும்பாலானோர் இருப்பது வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்குமாடிகளில். வீவக என்பார்கள், எச்டிபி என்றும் சொல்வார்கள். அங்கே "மூன்றறை வீடு" என்றால் இரண்டு படுக்கையறை, "நான்கறை வீடு" என்றால் மூன்று. கூடத்தையும் ஓர் அறையாகச் சேர்த்து எண்ணுகிறார்கள். மூன்றறை வீடு ஊரையும் ரயில் நிலைய நெருக்கத்தையும் பொறுத்து 2,600 முதல் 3,000 வெள்ளி வரை போகும், நான்கறை 3,100இலிருந்து 3,700. நீச்சல் குளத்தோடு காவலாளி வைத்த காண்டோவில் (தனியார் அடுக்குமாடி) இரண்டு படுக்கையறை கேட்டால் நாலாயிரத்தில் ஆரம்பிக்கும். ஈசூன், செங்காங், பொங்கோல், உட்லண்ட்ஸ், ஜூரோங் வெஸ்ட் பக்கம் நம் ஆட்கள் நிறைய. நகரின் மையத்திலிருந்து தள்ளி இருந்தாலும் எம்ஆர்டி ரயிலில் முக்கால் மணி, ஒரு மணி நேரத்தில் மையத்துக்குப் போய்விடலாம். சென்னையில் கிண்டியிலிருந்து சிறுசேரி போகிற நேரம்தான் அது. அதனால் மையத்துக்காக ஆயிரம் வெள்ளி கூடக் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

வீவக வீட்டைக் குறைந்தது ஆறு மாதத்துக்குத்தான் வாடகைக்கு விடலாம், தனியார் வீட்டை மூன்று மாதத்துக்கு. அதற்குக் குறைந்த நாளுக்கு வீடு கொடுப்பது சட்டவிரோதம். ஊரைப் பார்த்துவிட்டு முடிவு செய்வோம் என்று ஒரு மாதத்துக்கு வீடு பிடிக்க முடியாது. அந்த இடைவெளியில் ஓட்டலோ சர்வீஸ் அபார்ட்மென்டோதான் கதி, இரவுக்கு 150 வெள்ளிக்குக் குறைந்து கிடைப்பது சிரமம். இன்னொன்று: முழு வீவக வீட்டை வாடகைக்கு எடுக்கும்போது, மலேசியர் அல்லாத வெளிநாட்டவருக்குக் குடியிருப்பு வட்டாரத்து வீடுகளில் 8 சதவீதம், ஒரு புளோக்கின் வீடுகளில் 11 சதவீதம் என்று உச்சவரம்பு இருக்கிறது. பிடித்த வீடு, கட்டுப்படியாகும் வாடகை, எல்லாம் பொருந்திய பிறகு "இந்த புளோக்கில் கோட்டா முடிந்துவிட்டது" என்று சொல்லிவிடலாம். ஏஜென்டிடம் முதல் கேள்வியாக இதைக் கேட்டுவிடுங்கள்.

சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கேட்டுப் பழகிய நமக்கு அங்கே முன்பணம் குறைவாகத் தெரியும். ஓராண்டு ஒப்பந்தத்துக்கு ஒரு மாத வாடகை, ஈராண்டுக்கு இரண்டு மாதம். ஆனால் கூடவே முதல் மாத வாடகை, ஒப்பந்த முத்திரை வரி, ஏஜென்ட் கமிஷன். முத்திரை வரி நான்காண்டுக்கு உட்பட்ட ஒப்பந்தங்களுக்கு மொத்த வாடகையில் 0.4 சதவீதம். 3,000 வெள்ளி வீட்டை இரண்டு ஆண்டுக்கு எடுத்தால் 72,000க்கு 288 வெள்ளி. ஆக முதல் சம்பளம் வருவதற்கு முன்பே 9,300 வெள்ளி எடுத்து வைக்க வேண்டும். கமிஷனும் உங்கள் தலையில் விழுந்தால் இன்னொரு மூவாயிரம். ரூபாயில் ஆறேகால் லட்சத்திலிருந்து எட்டேகால் லட்சம் வரை. இந்தப் பணம் கைவசம் இல்லாமல் விமானம் ஏறி, கிரெடிட் கார்டில் முதல் மூன்று மாதத்தை ஓட்டி, அந்தக் கடனை ஒரு வருடம் அடைத்தவர்கள் உண்டு.

ஒப்பந்தத்தில் இரண்டு இடங்களைக் கண்ணாடி போட்டுப் படியுங்கள். ஒன்று, வேலை போனாலோ இடமாற்றம் வந்தாலோ முன்கூட்டியே விலக வழி செய்யும் விதி. டிப்ளமேட்டிக் கிளாஸ் என்பார்கள். ஈராண்டு ஒப்பந்தத்தில் வழக்கமாக முதல் 12 மாதம் கழித்து இரண்டு மாத அறிவிப்போடு விலகலாம் என்று இருக்கும். இது இல்லாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவே கூடாது. வேலை போனால் பாஸும் போய்விடும், பாஸ் போனபின் வாடகை மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். இரண்டு, பழுது. சின்னப் பழுதுக்கு முதல் 150 அல்லது 200 வெள்ளி குடியிருப்பவர் செலவு என்று எழுதியிருப்பார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏசி சர்வீஸ் செய்து ரசீதை வைத்திருக்க வேண்டும் என்பதும் இருக்கும். குழாய் ரிப்பேருக்கு 300 ரூபாய் கொடுத்துப் பழகியவருக்கு, ஆள் வந்து பார்ப்பதற்கே 60 வெள்ளி என்பது முதல் தடவை நெஞ்சை அடைக்கும்.

வாடகையைக் குறைக்க அறை மட்டும் எடுப்பது, இன்னொரு குடும்பத்தோடு வீட்டைப் பகிர்வது என்று வழிகள் உண்டு. தனி ஆளாக இருந்தால் 900, 1,000 வெள்ளிக்கு ஓர் அறையில் தாராளமாக இருக்கலாம். ஆனால் விளம்பரத்தில் "லைட் குக்கிங் மட்டும்" என்று போட்டிருந்தால் கவனம். அது கறிவேப்பிலையும் கடுகும் எண்ணெயில் பொரியும் வாசனை வேண்டாம் என்பதற்கான நாசூக்கு. தினமும் சாம்பார் கொதிக்கும் வீட்டுக்கு அது சரிப்படாது. பிள்ளையோடு இருக்கும் குடும்பத்துக்குப் பகிர்ந்த சமையலறை ஆறு மாதத்துக்கு மேல் தாங்காது என்பது என் எண்ணம்.

அடுத்தது பள்ளி. உங்கள் மகளுக்கு ஐந்து வயது என்பதால் இது இருமடங்கு முக்கியம். கல்வி அமைச்சு நடத்தும் பாலர் பள்ளிகள் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான். அரசு மானியத்தில் ஓடும் மற்ற நிலையங்களின் கட்டண வரம்பும் உங்களுக்குப் பொருந்தாது. தனியார் பாலர் பள்ளியில் மானியமில்லாமல் மாதம் 1,200 முதல் 1,800 வெள்ளி. அரசுத் தொடக்கப்பள்ளியில் இடம் கிடைத்தால் அங்கே தமிழைத் தாய்மொழிப் பாடமாகவே படிக்கலாம், அது பெரிய கொடுப்பினை. ஆனால் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு முதலாம் வகுப்புச் சேர்க்கையில் கடைசிக் கட்டத்தில்தான் வாய்ப்பு, மற்றவர்களெல்லாம் போக மிஞ்சிய இடங்கள் மட்டும். கிடைத்தாலும் ஆசியான் அல்லாத நாட்டுப் பிள்ளை என்ற வகையில் மாதக் கட்டணம் 900 வெள்ளிக்கு மேல் இருக்கும், ஆண்டுக்காண்டு ஏறும். பக்கத்து வீட்டுக் குடிமகனின் பிள்ளை அதே வகுப்பில் சில்லறைக் காசுக்குப் படிக்கும். இந்திய சர்வதேசப் பள்ளிகளில் சிபிஎஸ்இ உண்டு, ஊர் திரும்பும் எண்ணம் இருப்பவர்கள் அதைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். மாதம் ஆயிரத்திலிருந்து இரண்டாயிரம் வெள்ளி வரை, பள்ளிப் பேருந்து தனி. சென்னையில் இப்போது நீங்கள் ஆண்டுக்கு ஒரு லட்சம் கட்டுகிறீர்கள் என்றால் அங்கே ஒன்றரை மாதத்தில் அது கரைந்துவிடும்.

கேள்வியில் நீங்கள் கேட்காத ஒன்று, மருத்துவம். அரசு மருத்துவமனையிலும் வெளிநாட்டவருக்கு மானியம் கிடையாது. பக்கத்துக் கிளினிக்கில் காய்ச்சல், இருமல் என்று போனால் மருந்தோடு 40, 50 வெள்ளி. அது சமாளிக்கக்கூடியது. மருத்துவமனையில் படுத்தால்தான் ஆயிரங்கள். நிறுவனக் காப்பீடு பெரும்பாலும் ஊழியருக்கு மட்டும் இருக்கும், மனைவி மக்களுக்கு நீட்டிக்கிறார்களா என்று வேலைக் கடிதத்தில் பாருங்கள். பல் வைத்தியத்தை ஊருக்கு வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாத தமிழரை நான் சிங்கப்பூரில் பார்த்ததில்லை.

இப்போது சாப்பாடு. எல்லோரும் முதலில் இதைத்தான் கேட்பார்கள். எனக்கோ இது கடைசி.

சிங்கப்பூர் தன் உணவில் 90 சதவீதத்துக்கும் மேல் வெளியிலிருந்து வாங்குகிறது. அதனால் எந்த நாட்டுப் பொருளை உண்கிறீர்கள் என்பதே உங்கள் மளிகைச் செலவைத் தீர்மானிக்கும். வேளச்சேரிச் சமையலறையை அப்படியே பெயர்த்துக்கொண்டுபோய் வைக்க நினைத்தால் லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தையில் எல்லாமே கிடைக்கும், விலையும் அதற்கேற்ப இருக்கும். ஐந்து கிலோ பொன்னி அரிசி 13, 14 வெள்ளி, அதாவது கிலோ 180 ரூபாய். முருங்கைக்காயை எண்ணி வாங்க வேண்டியிருக்கும். சின்ன வெங்காயத்தைப் பார்த்துப் பார்த்து உரிப்பீர்கள். அதே சந்தையில் மலேசியாவிலிருந்து வரும் கீரைகள் ஒரு வெள்ளி, ஒன்றரை வெள்ளிக்குக் கட்டுக் கட்டாக இருக்கும். அவர்கள் பாயம் என்று விற்பது நம் தண்டுக்கீரையின் உறவு, கூட்டுக்கும் மசியலுக்கும் அருமையாக வரும். கத்தரி, வெண்டை, புடலை, பாகல் எல்லாம் பக்கத்து நாட்டிலிருந்தே வருகின்றன. கோழியும் முட்டையும் கட்டுப்படியாகும். மீன்தான் ஆச்சரியம். வஞ்சிரமும் அயிலையும் ஈரச்சந்தையில் (காய், கறி, மீன் விற்கும் சந்தை) வாங்கினால் காசிமேட்டிலிருந்து வீட்டு வாசலுக்கு வரும் மீனின் விலைக்கு ரொம்பத் தூரத்தில் இல்லை. புது ஆட்டுக்கறி மட்டும் எட்டாக் கனி, கிலோ 25 வெள்ளியைத் தாண்டும். உறைந்த ஆஸ்திரேலியக் கறிக்கு நாக்கைப் பழக்கிக்கொள்பவர்கள் மாதம் நூறு வெள்ளி மிச்சம் பிடிக்கிறார்கள். மூன்று பேர் குடும்பத்துக்கு மளிகை, காய், பால், கறி மீன் எல்லாம் சேர்த்து 700 வெள்ளி போதும். ஊர்ப் பிராண்டுதான் வேண்டும் என்று அடம்பிடித்தால் 900.

வெளியில் சாப்பிடுவதில் இரண்டு உலகம். உணவங்காடி நிலையத்தில் சிக்கன் ரைஸ் நாலைந்து வெள்ளி, தேநீர் ஒன்றரை வெள்ளிக்குள். சென்னையில் ஓரளவு நல்ல ஓட்டலில் மதியம் சாப்பிடும் காசுதான் ஆகிறது. போட்ட விலைதான் விலை, டிப்ஸ் எதிர்பார்ப்பும் கிடையாது. ஏசி போட்ட உணவகத்துக்குப் போனால் விலைப் பட்டியலில் எண்ணுக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி நிற்கும். ஒன்று 10 சதவீதச் சேவைக் கட்டணம், மற்றது பொருள் சேவை வரி. அந்த வரி 2022 வரை 7 சதவீதம், 2023இல் 8, 2024 ஜனவரி முதல் 9. சேவைக் கட்டணத்தைச் சேர்த்த தொகையின் மேல் வரி ஏறுவதால், 20 வெள்ளி என்று பார்த்து உட்கார்ந்தால் 24 வெள்ளி கொடுத்து எழுந்திருப்பீர்கள். கடைகளிலும் பேரங்காடிகளிலும் அந்தத் தொல்லை இல்லை, வரியைச் சேர்த்துத்தான் விலை ஒட்டியிருப்பார்கள். சிராங்கூன் சாலை சைவ உணவகத்தில் மூவரும் மசாலா தோசை, காபி என்று எழுந்தால் 25, 30 வெள்ளி. ஞாயிறுதோறும் போனால் மாதம் 120. அதைச் சேமிக்கச் சொல்ல மாட்டேன். ஊர் ஏக்கத்துக்கு அது மலிவான மருந்து.

மின்சாரம் யூனிட் கிட்டத்தட்ட 28 காசு, 19 ரூபாய். இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட் இலவசம் என்று பழகிய தமிழ்நாட்டுக்காரருக்கு இது கசக்கும். ஓர் அறை ஏசி இரவு முழுக்க ஓடினால் மாதம் 30, 40 வெள்ளி அதற்கு மட்டும். தண்ணீர் 2025 ஏப்ரலிலிருந்து ஆயிரம் லிட்டருக்கு 3.24 வெள்ளி. சின்னக் குடும்பத்துக்கு மாதம் 50 வெள்ளிக்குள் அடங்கும். ஆனால் குழாயைத் திறந்து அப்படியே குடிக்கலாம். கேன் தண்ணீர், லாரித் தண்ணீர், ஆர்ஓ இயந்திரத்துக்கு வருடாந்தர சர்வீஸ் என்று வேளச்சேரியில் நீங்கள் செய்யும் செலவுகள் ஒரே நாளில் மறைந்துவிடும். இன்வெர்ட்டர் பேட்டரியும் அப்படித்தான். கைப்பேசி 10, 15 வெள்ளி, வீட்டு இணையம் 30, 40 வெள்ளி. எல்லாம் சேர்த்து 280 வெள்ளி என்று வையுங்கள்.

போக்குவரத்தில் சிங்கப்பூர் உங்களுக்கு லாபம் தரும். 2024 டிசம்பரிலிருந்து பெரியவர்களுக்கான பஸ், ரயில் கட்டணம் அட்டை தட்டினால் தூரத்தைப் பொறுத்து 1.19 முதல் 2.47 வெள்ளி வரை. அதன்பின் கொஞ்சம் ஏறியிருக்கிறது. சென்னை மெட்ரோவைவிட இது பல மடங்குதான், ஆனால் ஸ்கூட்டி பெட்ரோல், கார் தவணை, இன்சூரன்ஸ், மழையில் கேப்காரர் கேட்கும் கட்டணம் எதுவும் இல்லை. கார் வாங்கும் நினைப்பே வேண்டாம். பத்து ஆண்டு கார் வைத்திருக்கும் உரிமைச் சான்றிதழ் மட்டுமே 2025இல் ஒரு லட்சம் வெள்ளியை ஒட்டி ஏலம் போனது. கார் தனி.

சென்னையில் நமக்கு மலிவாகக் கிடைப்பது மனித உழைப்பு. இதை ஊரில் இருக்கும்போது நாம் செலவுக் கணக்கில்கூடச் சேர்ப்பதில்லை. பாத்திரம் கழுவ வரும் அக்காவுக்கு நாலாயிரம், இஸ்திரிக்கு உருப்படிக்குப் பத்து ரூபாய், கடைப் பையன் வாசலில் கொண்டுவந்து வைக்கும் பால். சிங்கப்பூரில் பகுதிநேரமாக வீடு துடைக்க ஒருவர் வந்தால் மணிக்கு 20, 25 வெள்ளி. வீட்டோடு தங்கும் பணிப்பெண் என்றால் சம்பளம் 600, 700 வெள்ளிக்கு மேல், அரசுக்கு மாதத் தீர்வை 300, காப்பீடு, சாப்பாடு. ஆயிரத்து நூறைத் தாண்டிவிடும். எனவே எல்லா வேலையும் வீட்டாள் தலையில்தான் விழும். அந்த வீட்டாள் வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் நீங்களாகத்தான் இருப்பீர்கள் என்பதால் சொல்கிறேன், இதைப் போவதற்கு முன்பே கணவரோடு பேசி முடித்துக்கொள்ளுங்கள்.

வருமான வரியில் நல்ல செய்தி. ஆண்டுக்கு 1,08,000 வெள்ளியில் உழைப்பு வருமானச் சலுகை, மனைவி, பிள்ளைக்கான கழிவுகள் போக 1,01,000 வரிக்குரியது என்றால் வரி 5,800 வெள்ளியை ஒட்டி வரும். மாதம் 480, அதாவது சம்பளத்தில் ஐந்தரை சதவீதத்துக்குள். ஆனால் மாதாமாதம் பிடிக்க மாட்டார்கள். அடுத்த ஆண்டு மொத்தமாகக் கணக்கு வரும், 12 தவணையாகக் கட்டலாம். முதல் ஆண்டு முழுச் சம்பளமும் கைக்கு வருவதைப் பார்த்துச் செலவை ஏற்றிக்கொண்டு, மறு ஆண்டு வரிச் சீட்டு வந்ததும் முழிப்பவர்கள் ஏராளம். முதல் மாதத்திலிருந்தே 480 வெள்ளியைத் தனிக் கணக்கில் போட்டுவிடுங்கள்.

சரி, கூட்டிப் பார்ப்போம். நான்கறை வீடு 3,200. மின்சாரம், தண்ணீர், இணையம், கைப்பேசி 280. மளிகை 700. வெளியில் சாப்பாடு, கணவரின் மதிய உணவும் சேர்த்து 400. போக்குவரத்து 250. பாலர் பள்ளி 1,400. குடும்பக் காப்பீடும் கிளினிக்கும் 200. வரி 480. ஊருக்கு ஆண்டுக்கு ஒருமுறை மூன்று டிக்கெட், மாதத்துக்குப் பிரித்தால் 200 (டிசம்பரிலோ ஜூன் பள்ளி விடுமுறையிலோதான் போக முடியும், விமானக் கட்டணம் உச்சத்தில் நிற்பதும் அப்போதுதான்). துணிமணி, பண்டிகை, மொய், சுற்றிப் பார்ப்பது 400. மொத்தம் 7,510. மிஞ்சுவது 1,490 வெள்ளி, ரூபாயில் ஒரு லட்சம். அதில் மதுரைக்கு 15,000 போனால் 85,000. சென்னையில் அதையும் கொடுத்த பிறகுதான் உங்களுக்கு ஒரு லட்சம் மிஞ்சுகிறது, பி.எஃப். அதற்கு வெளியே.

கணக்கிகள் தடுமாறுவது இங்கேதான். அவை ஒரே கூடையை இரண்டு ஊரிலும் விலை கேட்கின்றன. நீங்களோ இங்கே ஒரு கூடை, அங்கே வேறு கூடை வைத்திருப்பீர்கள். கார் கழன்றுவிடும், பணிப்பெண் கழன்றுவிடுவார், கேன் தண்ணீர் கழன்றுவிடும். வெளிநாட்டவர் கட்டணப் பள்ளி புதிதாக வந்து உட்காரும். மதுரை இரண்டு ஊரிலும் தொடரும். பெற்றோரையே அழைத்து வைத்துக்கொள்ளலாமே என்றால், நீண்டகால வருகை அனுமதிக்குக் கணவர் சம்பளம் 12,000 வெள்ளியாவது இருக்க வேண்டும்.

இந்தக் கணக்கை உங்கள் பக்கம் சாய்க்கச் சில வழிகள் இருக்கின்றன. வீட்டை மூன்றறையாகக் குறைத்தால் மாதம் 400 வெள்ளி மிச்சம், மூன்று பேருக்கு அது போதும். கணவர் முதலில் தனியாகப் போய் அறை எடுத்துத் தங்கி, நீங்கள் வேலையில் தொடர்ந்தபடி மகளின் பள்ளி ஆண்டை இங்கே முடித்தால், அந்த மாதங்களில் மிஞ்சுவது வேறு அளவில் இருக்கும். தனி ஆளுக்கு 2,500 வெள்ளியில் வாழ்க்கை ஓடும். முன்பணத்துக்கான எட்டு லட்சமும் ஒரு சில மாதத்தில் தானே சேர்ந்துவிடும். அதற்குள் நீங்களும் சென்னையிலிருந்தே அங்கே வேலை தேடலாம், டிபெண்டன்ட் பாஸில் போய் உட்கார்ந்துகொண்டு தேடுவதைவிட அது மேல். பிரிந்திருப்பது எல்லாக் குடும்பத்துக்கும் ஒத்துவராது, அது உங்கள் முடிவு. உங்களுக்கு ஏழாயிரத்துச் சொச்சத்தில் ஒரு வேலை அமைந்துவிட்டால், பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் செலவும் வரியும் போக மாதம் ஐயாயிரம் வெள்ளிக்கு மேல் கூடுதலாக நிற்கும். அப்படியானால் யோசிக்காமல் போகலாம்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் நிறுவனத்திடம் கேட்க வேண்டியவற்றில் சம்பள உயர்வு ஒன்றுதான் என்று நினைக்காதீர்கள். 35 வயதுக்கு எம்ப்ளாய்மென்ட் பாஸ் வரம்பே எட்டாயிரத்துச் சொச்சத்தில் இருக்கிறது. 9,000 என்பது அந்தக் கோட்டுக்குச் சற்று மேலே, அவ்வளவுதான். 10,500 கேட்பதில் தவறில்லை. அது நடக்காவிட்டால் முதல் ஒரு மாதத் தங்குமிடம், மூவருக்கும் விமான டிக்கெட், மனைவி மகளுக்கும் மருத்துவக் காப்பீடு, இந்த மூன்றையும் கேளுங்கள். சம்பளத்தைக் கூட்டத் தயங்கும் நிறுவனங்கள் இவற்றுக்கு எளிதில் இறங்கி வருகின்றன. பதின்மூன்றாம் மாதச் சம்பளம் சட்டப்படி கட்டாயமில்லை, கடிதத்தில் எழுதியிருந்தால் மட்டும் எண்ணுங்கள்.

இங்கே முடிக்க வேண்டிய வேலைகளும் உண்டு. கணவர் வெளிநாட்டுவாசி ஆனதும் சாதாரண சேமிப்புக் கணக்கை வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்றச் சொல்லி வங்கிக்கு எழுதிக் கொடுங்கள், சிங்கப்பூரிலிருந்து அனுப்பும் பணத்துக்கு அதே வகையில் என்ஆர்இ கணக்கு திறந்துகொள்ளுங்கள். என்ஆர்இ கணக்கின் வட்டிக்கு இந்தியாவில் வரி கிடையாது. ஏற்கெனவே இருக்கும் பிபிஎஃப் கணக்கை முதிர்வு வரை தொடரலாம், புதிதாகத் திறக்க முடியாது. ஒருநாள் சிங்கப்பூரை விட்டுக் கிளம்பும்போது, வரி பாக்கி தீரும் வரை கடைசிச் சம்பளத்தை நிறுவனம் நிறுத்தி வைக்கும், அது சட்டம். ஆகவே திரும்பும் மாதத்துக்கு இரண்டு மாதச் செலவுப் பணத்தைத் தனியாக வைத்திருங்கள். வீட்டு முன்பணமும் அந்தச் சமயத்தில் உடனே கைக்கு வராது. சுவரில் ஆணி அடித்த ஓட்டையையும் ஏசி சர்வீஸ் ரசீதுகளையும் வீட்டுக்காரர் சரிபார்த்த பிறகுதான் வரும்.